ரூம் டோனுக்கு 'இருப்பொலி' சரிவருமா?

அக்கா, வணக்கம்.

ரூம் டோன், அதாவது ஒருவரும் பேசாதபோதும் பதிவிடத்தில் கேட்கும் ஒலி, அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் தந்த 'அறையொலி'யில் இரண்டு தடை தெரிகிறது. அறை என்றால் அடியும்தான். முரசறைந்த ஒலி என்று வாசிப்பார்கள். மற்றது பெரிய தடை. வன்னியில் அறிவியல் வலையொலிக்கு எடுக்கும் பேட்டி எல்லாம் அறைக்குள் நடப்பதில்லை. பழைய துருசு (குளத்து மதகு) நீரழுத்தத்தை எப்படித் தாங்குகிறது என்று கேட்கக் குளக்கட்டுக்குத்தான் போகவேண்டும். மருதமர நிழலில் ஏது அறை? 'இடவொலி'யும் வேண்டாம், ஸ்டீரியோவின் இடப்பக்க ஒலியோடு குழம்பும்.

'இருப்பொலி' என்று வைப்போம். பேச்சு நின்றபின்னும் அங்கே இருக்கிற ஒலி. நெல் இருப்பைப் போலப் பிறகு எடுத்துப் பாவிக்க வைத்திருப்பதும் அதுதான். 'பின்புல இரைச்சல்' என்று விளக்கம் எழுதினால் பிழை. இரைச்சல் அகற்றுவதற்கு, இது காப்பதற்கு.

செய்முறையும் குறிப்பில் வரட்டும். பேட்டி முடிந்ததும் ஒருவரும் எழும்பாமல், மைக்கை அசைக்காமல், கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை) தொடாமல் 60 செக்கன் பதியவேண்டும். உடம்பும் ஒலியை உறிஞ்சும். ஆள் எழுந்து போனால் அறையின் ஒலியே மாறிவிடும். ஃபான் ஓடியிருந்தால் ஓடட்டும். தகரக்கூரை என்றால் தொடக்கத்திலும் ஒருமுறை எடுக்கவேண்டும்: பொழுதுபட்டதும் தகரம் குளிர்ந்து சுருங்கி 'டிக், டிக்' என்னும், மதியத்து இருப்பொலி அதோடு ஒட்டாது. போனில் பதிந்தால் தானியங்கிக் கெயினை முதலே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பேச்சு ஓய்ந்ததும் அது கெயினைக் கூட்டிவிடும். பேச்சுக்கு அடியில் இருந்ததைவிட இருப்பொலி உரத்து நிற்கும்.

பேட்டியைத் தொகுக்கையில் 'ம்...' என்பதை வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் சில்வண்டுச் சத்தம் அறுந்து மறுபடி தொடங்கும். கேட்பவரின் காது அங்கேயே நின்றுவிடும். அந்த இடைவெளியில் இருப்பொலியை வைத்து, இரு முனையிலும் 20 மில்லிசெக்கன் அளவு ஒன்றுக்குள் ஒன்றைக் கரைத்தால் தையல் தெரியாது. 2 செக்கன் துண்டையே திரும்பத் திரும்ப ஒட்டினால் ஒரே செண்பகப் பறவை ஓயாமல் கூப்பிடும்.

*

தம்பி, 'அறையொலி'யை விட்டுவிடுகிறேன், இருப்பொலியே இருக்கட்டும். 'சூழொலி' வேறு என்பதை மட்டும் சேருங்கள். குளக்கட்டின் காற்றையும் கொக்கையும் கேட்பவருக்குக் காட்டவென்றே பதிவது சூழொலி. இருப்பொலி இருப்பதே அவருக்குத் தெரியக்கூடாது.

இன்னொன்று: சூமில் எடுக்கும் பேட்டியில் பேச்சில்லாத இடத்தை மென்பொருளே அமுக்கிவிடும். 'ஒரிஜினல் சவுண்ட்' தெரிவைப் போட்டுவிட்டுத்தான் இருப்பொலி எடுக்கவேண்டும்.