கலங்கரை விளக்கம் ஐந்து நிமிட நடையாம்!

தங்கசாலை
மயிலைவாசி என்ற அன்பர் “காரும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம், ஒரே நாளில் சென்னை” என்று ஒரு பயணத்திட்டம் எழுதியிருக்கிறார். ஆளாளுக்குக் கைதட்டியிருக்கிறீர்கள். யாராவது அதைப் படித்தீர்களா? அவர் எழுதியது இது: “காலையில் எழும்பூர் அருங்காட்சியகம், மதியம் ஒரு மணிக்குக் கபாலீசுவரர் கோயில், பிறகு பறக்கும் ரயிலில் ஏறிக் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கினால், கலங்கரை விளக்கம் ஐந்து நிமிட நடை.”

ஐந்து நிமிடம்! அந்த ரயில் பாதை கடலோரமாகவா போகிறது? பக்கிங்காம் கால்வாயின் மேல் தூண் நட்டுப் போட்ட பாதை அது. நிலையம் நிற்பது கால்வாய்க்கரையில். அங்கிருந்து கிழக்கே கடற்கரைச் சாலைக்கு வந்து, பிறகு தெற்கே திரும்பி நடக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. வெளியூர்க்காரர்கள் நம்பி வருவார்கள் என்ற நினைப்பாவது வேண்டாமா?

மயிலைவாசி
தங்கசாலை ஐயா, நான் அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தெருவுக்கு வழி சொல்ல வடசென்னைத் தங்கசாலையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்தான். நடந்து பழகியவர்களுக்குச் சொன்னது. நாள் முழுக்க விசைப்பலகை முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அரை மணி நேரமும் ஆகும்.

கோவைக்காரி
வணக்கம். அடுத்த மாதம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். எந்தக் கிழமை வந்தால் எல்லா இடமும் திறந்திருக்கும்? பறக்கும் ரயில் நிலையத்தில் படி ஏற வேண்டியிருக்குமா?

தங்கசாலை
பிறந்து வளர்ந்ததால் தூரம் குறைந்துவிடுமா? பிறந்த ஊர்க்காரருக்கு ஒரு கிலோமீட்டர் அரைக் கிலோமீட்டர் ஆகிவிடும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள்? ஐந்து நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போனால் அதற்குப் பெயர் நடை அல்ல, ஓட்டம். “ஐந்து நிமிட ஓட்டம்” என்று திருத்தி எழுதுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நூலகப்பூனை
நீங்கள் இருவரும் நிமிடக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். திட்டத்தில் அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். ஒரு மணிக்குப் போகிறவர் குளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. வெண்கலச் சிலைகளின் கூடத்துக்கே அரை நாள் ஒதுக்கலாம். அதைக் காலை ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்குப் போகாமலே இருக்கலாம்.

தங்கசாலை
பூனையாரே, அதெல்லாம் இருக்கட்டும். முதலில் ஐந்து நிமிடத்துக்குப் பதில் வரட்டும்.

மயிலைவாசி
பூனை வேறு பக்கம் திசை திருப்புகிறது. கோயில் எப்போது சாத்தும் என்பது எனக்குத் தெரியாதா? ஒரு மணிக்குப் போவது குளக்கரையையும் மாடவீதியையும் பார்க்க. புரிகிறவர்களுக்குப் புரியும்.

பட்டினப்பாக்கம்
நான் அந்த வழியில் நடந்திருக்கிறேன். நிதானமாகப் போனால் பதினைந்து நிமிடம் ஆகும். வெயிலில் இன்னும் கூடும். கபாலி கோயிலிலிருந்து கலங்கரை விளக்கத்துக்குப் போக ரயிலே வேண்டாம். கச்சேரி சாலை வழியாகச் சாந்தோம் வந்து, பேராலயத்தையும் பார்த்துவிட்டு வடக்கே போனால் நேராகக் கலங்கரை விளக்கம். திருமயிலை ரயில் நிலையத்தில் மேலே ஏறி, முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்தையும் தாண்டி, மறுபடி கீழே இறங்கி, பிறகு நடக்கவும் வேண்டும் என்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

மயிலைவாசி
பதினைந்து நிமிடமா? குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடந்தீர்களா? கச்சேரி சாலையை மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டது தெரியாமல் வழி சொல்ல வந்துவிட்டார்.

தங்கசாலை
பட்டினப்பாக்கம் நண்பரே, பதினைந்து என்று நீங்கள் சலுகை காட்டுகிறீர்கள். இருபதுக்குக் குறையாது. ஆனாலும் ஐந்து இல்லை என்று ஒரு சாட்சி கிடைத்தது.

பட்டினப்பாக்கம்
நான் யாருக்கும் சாட்சி இல்லை.

கோவைக்காரி
கிழமையைப் பற்றி யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அலையோசை
எவ்வளவு நடந்தால் என்ன? உலகத்திலேயே இரண்டாவது நீளமான கடற்கரையைப் பார்க்கக் கொஞ்சம் நடந்தால் தேய்ந்தா போவோம்? மெரினாவின் அருமை நமக்குத்தான் தெரியவில்லை.

தங்கசாலை
வந்தது அடுத்தது. இந்த இரண்டாவது இடத்தை மெரினாவுக்கு யார் கொடுத்தார்கள் என்று ஒருவராவது கேட்டதுண்டா? பிரேசிலின் காசினோ கடற்கரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பக்கத்திலிருக்கும் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் சுமார் 120 கிலோமீட்டர். நம் மெரினாவைக் கோட்டைப் பக்கம் தொடங்கி பெசன்ட் நகர் வரைக்கும் இழுத்து அளந்தாலும் 13 கிலோமீட்டரைச் சுற்றித்தான் வரும். ஐந்து நிமிடக்காரரும் இரண்டாம் இடக்காரரும் ஒரே பள்ளியில் படித்திருப்பார்கள்.

அலையோசை
எங்கள் பாடப்புத்தகத்தில் படித்தது அது. நீங்கள் பிரேசிலுக்குப் போய் அளந்துவிட்டு வந்தீர்களோ? நகரத்துக்குள் இருக்கும் கடற்கரைகளில் என்று சொல்கிறேன்.

தங்கசாலை
முதலில் உலகம், இப்போது நகரம். நாளைக்குத் திருவல்லிக்கேணி வட்டாரத்திலேயே முதலிடம் என்பீர்கள். அதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

மயிலைவாசி
இவருக்கு மயிலாப்பூர் என்றாலே பற்றிக்கொள்கிறது. போன மார்கழியில் கச்சேரிகளைப் பற்றிப் பேசும்போதும் இதே ஆள்தான் வந்து வம்பு வளர்த்தார். 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கிய நாள் முதல் இந்த ஊரின் மார்கழி எந்தப் பக்கம் நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஒருவருக்குப் பொறாமை இருந்தால் அதற்கு நான் மருந்து தர முடியாது.

தங்கசாலை
ஆகா, உண்மை வெளியே வந்துவிட்டது. உங்கள் “ஒரே நாளில் சென்னை” திட்டத்தில் பூங்கா நகருக்கு வடக்கே ஓர் இடம்கூட இல்லை. அதைக் கேட்கலாமா? கலங்கரை விளக்கம் என்றீர்களே, இந்த ஊரின் கலங்கரை விளக்கங்கள் நான்கு. முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள், இன்றைக்குக் கோட்டை அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தின் மாடியில் எரிந்தது. இரண்டாவது உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் தூண், 1844இல் விளக்கேற்றினார்கள். மூன்றாவது உயர் நீதிமன்றத்தின் கோபுரமே. 1894 முதல் மெரினாவில் புதியது வரும்வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது அதுதான். 1914இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டபோது உங்கள் மெரினா விளக்கு எங்கே இருந்தது? அது 1977இல் வந்த நேற்றைய பிள்ளை. நான்கில் மூன்று எங்கள் பக்கம். உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கினால் மேலே வந்ததும் கண்ணில் படும். அதுதான் ஐந்து நிமிட நடை!

மயிலைவாசி
பார்க்கலாம் சரி, ஏறலாமா? நீதிமன்ற வளாகத்துக்குள் வெளியூர்க் குடும்பம் வேடிக்கை பார்க்க நுழைய முடியுமா? எங்கள் கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கியில் ஒன்பதாவது மாடிக்குப் போய்க் கடலைப் பார்க்கலாம். பல ஆண்டுகள் மூடிக் கிடந்ததை 2013இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அணைந்துபோன விளக்குகளைக் கணக்குக் காட்டிப் பெருமை பேசுகிறார் ஐயா.

தங்கசாலை
அணைந்துபோன விளக்கா? பேச்சை அளந்து பேசுங்கள். மயிலாப்பூர் மட்டும்தான் பண்பாடு என்று சொல்லிச் சொல்லியே பாதி ஊரை மறைத்துவிட்டீர்கள். வள்ளலார் வாழ்ந்தது ஏழுகிணற்றில், பாடியது கந்தகோட்டத்து முருகனை. தேவார மூவரும் பாடிய திருவொற்றியூர் எங்கே இருக்கிறது? சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம் அது. இசைமேதை தியாகராஜர் வந்து அம்மன் திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியதும் அங்கேதான். அகாடமி பிறப்பதற்கு எவ்வளவோ முந்தைய கதை. மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டது. தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் பக்கத்திலேயே.

நூலகப்பூனை
பக்கம் என்றால் எத்தனை நிமிடம்?

தங்கசாலை
பக்கம்தான்.

மயிலைவாசி
சொல்லுங்கள் ஐயா, எத்தனை நிமிடம்? நடைமேடையிலிருந்து கோயில் வாசல் வரை. கால்வாய், கிழக்கு, தெற்கு என்று எனக்கு வகுப்பு எடுத்தீர்களே.

தங்கசாலை
நான் எண் எதுவும் சொல்லவில்லை. எண் சொன்னவர் நீங்கள். சொன்னவர்தான் நிரூபிக்க வேண்டும்.

கோவைக்காரி
சரி, நானே முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும் என்று திங்கட்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

நூலகப்பூனை
அம்மா, கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஐஸ் ஹவுஸ் என்கிற விவேகானந்தர் இல்லத்துக்கும் அன்றுதான். முடிந்தால் புதன் அல்லது வியாழனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செவ்வாய் வேண்டாம், முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் அன்றைக்கு அதற்கு விடுமுறை.

மயிலைவாசி
திங்கட்கிழமை என்று என் திட்டத்தில் எங்கேயாவது எழுதியிருக்கிறேனா? பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

தங்கசாலை
கிழமையே எழுதாத திட்டம் என்ன திட்டம்? பாவம், அந்தப் பெற்றோர் உங்கள் ஐந்து நிமிடத்தை நம்பி வெயிலில் நடந்து போய்ப் பூட்டிய கதவைப் பார்க்கப் போகிறார்கள்.

அலையோசை
ரயிலே ஓடாத நாள்களில் என்ன செய்வார்களாம்? 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை கடற்கரை நிலையத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலே இல்லை. அப்போது தங்கசாலை ஐயா எந்த ரயிலில் வந்து எங்கள் மெரினாவை அளந்தார்?

தங்கசாலை
பஸ்ஸில் வந்தேன். அளவுநாடா கொண்டுவரவில்லை, மன்னிக்கவும். இருந்திருந்தால் உங்கள் இரண்டாவது இடத்தையும் சேர்த்து அளந்திருப்பேன்.

பட்டினப்பாக்கம்
இன்னொரு விஷயம். பூந்தமல்லியிலிருந்து வரும் மெட்ரோ பாதை கலங்கரை விளக்கத்தில்தான் முடியப்போகிறது. அது வந்தால் இந்தச் சண்டைக்கே வேலை இருக்காது.

தங்கசாலை
ஏன் இருக்காது? அதே பெயரில் இரண்டு நிலையம் வந்தால் வெளியூர்க்காரர் கால்வாய்க்கரையில் இறங்கிவிட்டு “இதுதானே ஐந்து நிமிடம்” என்று தேடப்போகிறார். மயிலைவாசியின் வரி அப்போதும் தவறுதான்.

மயிலைவாசி
போதும். வரும் ஞாயிறு நானே நடந்து காணொளி எடுத்துப் போடுகிறேன். கடிகாரமும் திரையில் தெரியும். அப்புறம் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

தங்கசாலை
போடுங்கள். ஆனால் கடிகாரத்தை ரயிலை விட்டு இறங்கும்போது ஓட விட வேண்டும், தெருவுக்கு வந்த பிறகு அல்ல. அந்த நிலையத்தின் படிக்கட்டு எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும்.

மயிலைவாசி
நடை என்றால் தெருவில் நடப்பது. படி இறங்குவதை எவன் நடையில் சேர்ப்பான்?

தங்கசாலை
எழுபதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள், சேர்ப்பார்கள்.