நம்ம தெரு கிளினிக்கில் ஆய்வு நடந்ததா என்று யாரிடம் கேட்பது?

வணக்கம் உறவுகளே. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை, பத்து வருஷமாக ஒரே கிளினிக்தான். டாக்டர் கைராசிக்காரர், அவர் வைத்தியத்தில் குறையே சொல்ல மாட்டேன்.

போன வாரம் அம்மாவுக்கு ஊசி போட்டார்கள். போட்ட ஊசியை நர்ஸ் பொண்ணு மேஜைக்குக் கீழே இருந்த சாதாரணக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டது. உள்ளே டீ கப், பஞ்சு, அதோடு இன்னும் இரண்டு ஊசி. சாயங்காலம் அந்தக் கூடையை அள்ளுகிற அக்காவுக்குக் கையுறைகூடக் கிடையாது. ராத்திரி முழுக்க அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது.

மருத்துவக் கழிவு பற்றிய 2016 விதிகளைத் தேடிப் படித்தேன். ஊசிகள் குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவில்தான் போக வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு போன்ற கழிவைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. தமிழ்நாட்டின் 1997 சட்டப்படி கிளினிக்கும் பதிவு செய்தாக வேண்டும். அந்தக் கிளினிக் சுவரில் பதிவுச் சான்றிதழைக் காணோம், நான் பார்த்தது காலண்டரும் சாமி படமும்தான்.

மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஆய்வுக்கு எத்தனை நாளில் வந்தார்கள்? புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) 10 ரூபாய் கட்டணத்தோடு ஆய்வறிக்கை நகல் கேட்கலாம் என்றிருக்கிறேன், 30 நாளில் பதில் வர வேண்டுமாமே, வாங்கியவர்கள் மனுவை எப்படி எழுதினீர்கள்?

அம்மா "முதல்ல டாக்டர்கிட்டயே பக்குவமா சொல்லுடா" என்கிறார். அப்படிச் சொல்லி மாற்றியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த ஊசி திங்கட்கிழமை.