இரண்டு பேருக்கு எடை குறைந்த டென்ட், எதை வாங்கலாம்?

வணக்கம் மக்களே. செப்டம்பர் முதல் வாரம் நானும் தம்பியும் மணாலி பக்கம் ஹம்ப்டா கணவாய் ஏறப் போகிறோம், ஏஜென்சி, கோவேறு கழுதை எதுவும் கிடையாது, எல்லாம் எங்கள் முதுகில்தான். இப்போதுள்ள டென்ட் மூன்றரை கிலோ, அதுவும் ஒற்றை அடுக்கு. போன முறை மழையே இல்லாத இரவில் உள்பக்கம் வியர்த்துச் சொட்டி, விடியும்போது ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாடு ஈரமாகிக் கிடந்தது. அதனால் இரட்டை அடுக்கு கட்டாயம், எடை இரண்டு கிலோவுக்குள்.

நேச்சர்ஹைக் கிளவுட் அப் 2 பார்த்தேன். விலை பரவாயில்லை, ஆனால் தலைமாட்டில் ஒரே வாசல், தம்பி ராத்திரி மூன்று தடவை எழுந்து போகிற ஆள். டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 2 என்றால் ஆளுக்கொரு வாசல், நடைக்கம்புகளே தூண், எடையும் ஒரு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. சிக்கல் என்னவென்றால் முளை அடிக்காமல் அது நிற்காது. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஷியா கோருவில் ஆற்றங்கரை முழுக்கக் கல், காற்றும் பலம். அந்த மாதிரி இடத்தில் பெரிய கற்களில் கயிற்றைக் கட்டியே யாராவது சமாளித்திருக்கிறீர்களா? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி எவ்வளவு வந்தது? அப்புறம், எங்கள் இருவருக்கும் உயரம் ஆறடி. கால் துணியில் இடிக்குமா என்பதையும் சொல்லுங்கள்.