கலைச்சொல் விவாதம்: சுற்றெல்லைப் பரப்பு, வாழ்பரப்பு, இடர்ப்புலம்

மடல் 1 (சுங்கை சிப்புட்டிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம்.

சுண்ணாம்புக்கல் மலைச் செடிகளைப் பற்றி இங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் வைக்க விளக்கப் பலகைகள் தயாராகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் (எந்த இனம் அழியும் ஆபத்தில் எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல்) வரும் மூன்று சொற்களில் சிக்கிக்கொண்டேன்: எக்ஸ்டென்ட் ஆஃப் அக்கரன்ஸ், ஏரியா ஆஃப் ஆக்குபன்சி, லொக்கேஷன். இப்போதைக்குப் ‘பரவல் பரப்பு’, ‘குடியிருப்புப் பரப்பு’, ‘இடம்’ என்று போட்டிருக்கிறேன். எண்டெமிக் என்பதற்குத்தான் ‘அகணியம்’ இருக்கிறதே, அதையே வைத்துச் சமாளிக்கலாமா?

மடல் 2 (கெப்போங்கிலிருந்து)

ஐயா, வணக்கம்.

> அதையே வைத்துச் சமாளிக்கலாமா?

முடியாது. ஒரு நிலப்பகுதிக்கு வெளியே இந்த இனம் கிடையாது என்பதோடு அகணியம் நின்றுவிடும். எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. போர்னியோ முழுக்கப் பரந்து நிற்கும் மரமும் போர்னியோவுக்கு அகணியம்தான். உங்கள் ஊருக்குத் தெற்கே, சிம்மோர் பக்கத்துக் கந்தான் மலையில் மட்டுமே அறியப்பட்ட வட்டிக்கா கந்தானென்சிஸ் மரமும் அகணியம்தான். முதலாவதன் நிலை வேறு, இரண்டாவதன் நிலை வேறு. அந்த வேறுபாட்டை அளக்கத்தான் மற்றச் சொற்கள் தேவைப்படுகின்றன.

> ‘பரவல் பரப்பு’, ‘குடியிருப்புப் பரப்பு’

இரண்டையும் மாற்ற வேண்டும். ‘குடியிருப்பு’ என்றால் இங்கே தாமான் வீடுகள்தான் நினைவுக்கு வரும். ‘பரவல் பரப்பு’ என்று படிக்கும் பிள்ளை, அந்தப் பரப்பு முழுக்கச் செடி பரவியிருப்பதாக எடுத்துக்கொள்ளும். உண்மை அதற்கு நேர்மாறு.

தோட்டத்துக் கிராணி எழுதும் கணக்கை நினைத்துப் பாருங்கள். எல்லைக் கல்லுக்குள் அடங்கிய மொத்த ஏக்கர் ஒன்று, மரம் நிற்கும் ஏக்கர் ஒன்று. லயம், கோயில், பள்ளி, சதுப்பு, செம்மண் சாலை எல்லாம் முதல் கணக்கில் சேரும், இரண்டாவதில் சேராது. நாம் தேடும் முதல் இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள உறவு ஏறக்குறைய இதுதான்.

முதலாவதை அளக்கும் முறை: செடி காணப்பட்ட ஒவ்வோர் இடத்தையும் வரைபடத்தில் புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளிகளில் ஆணி அடித்து, எல்லாவற்றையும் சுற்றி ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினால் அது எப்படி இழுபட்டு நிற்குமோ, அந்த வடிவத்தின் பரப்புதான் விடை. எந்த உட்கோணமும் 180 பாகையைத் தாண்டக் கூடாது. உள்ளே கடல் இருந்தாலும் செம்பனை இருந்தாலும் வெட்டி எடுப்பதில்லை. இடர் எவ்வளவு அகலத்தில் சிதறியிருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த அளவு, செடியின் வீட்டை அளக்க அல்ல. ஆகவே இந்தச் சொல்லில் ‘வாழ்’ வரவே கூடாது.

இரண்டாவதற்கு, வரைபடத்தின் மேல் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களைப் போட்டு, செடி உள்ள கட்டங்களை எண்ணி 4-ஆல் பெருக்க வேண்டும். கட்டத்தில் ஒரே ஒரு தூர் நின்றாலும் அது முழுக் கட்டமாகவே எண்ணப்படும்.

என் முன்மொழிவு: முதலாவதற்கு ‘வளைபரப்பு’, இரண்டாவதற்கு ‘வாழ்பரப்பு’. மூன்றாவது சொல்தான் கடினம், அதற்குத் தனி மடல் வேண்டும்.

மடல் 3 (கோலகங்சாரிலிருந்து)

‘வளைபரப்பு’ வேண்டாம். உருளை, கூம்பு ஆகியவற்றின் வளைந்த மேற்பரப்புக்குக் கணக்குப் பாடத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ‘சூழ்பரப்பு’ என்றால் சூழல் குறுக்கே வரும். சுற்றிவர எல்லை போட்டுக் கிடைக்கும் பரப்பு, ஆகவே ‘சுற்றெல்லைப் பரப்பு’ என்று நேராகவே சொல்லிவிடலாமே. சற்று நீளம்தான், ஆனால் முதல் வாசிப்பிலேயே விளங்கும்.

‘வாழ்பரப்பு’ நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம்: வாழ்பரப்பு எப்போதும் சுற்றெல்லைப் பரப்புக்குள் அடங்கும் என்று பலகையில் எழுதலாமா?

மடல் 4 (கெப்போங்கிலிருந்து)

‘சுற்றெல்லைப் பரப்பு’ என்னுடையதைவிட நல்ல சொல். ஏற்கிறேன்.

அடங்கும் என்பது வரையறை. கணக்குப் போடும்போது சில வேளை தலைகீழாக வரும். நமக்குத் தெரிந்த மலையையே எடுத்துக்கொள்வோம். மாக்ஸ்புரேஷியா ருப்பிக்கோலா என்ற சிறிய விசிறி ஓலைப் பனை, பாறை வெடிப்பில் வேர் விட்டுத் தூர் கட்டி வளர்வது. உலகத்தில் அதற்கு மூன்று சுண்ணாம்புக்கல் மலைகள்தான்: நம் பத்துமலை, புக்கிட் தாக்குன், புக்கிட் அனாக் தாக்குன். மூன்றும் சிலாங்கூரில். பின்னவை இரண்டும் அடுத்தடுத்து நிற்பவை, பத்துமலை தள்ளி இருக்கிறது. கணக்கு எளிதாக வர, அவ்விரண்டுக்கும் இடையே 1 கிலோமீட்டர், மூன்றாவதற்கு 9 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் முக்கோணம் ஊசி போல ஒடுங்கியது: அரை × 1 × 9 = 4.5 சதுர கிலோமீட்டர். கட்டம் போட்டாலோ, பக்கத்துப் புள்ளிகள் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்தால் 8, தனித்தனிக் கட்டத்தில் விழுந்தால் 12. வாழ்பரப்பு பெரிதாகிவிட்டது! இப்படி வந்தால் சுற்றெல்லைப் பரப்பை வாழ்பரப்பின் அளவுக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. கட்டங்களை நகர்த்தி நகர்த்திப் போட்டுப் பார்த்து, வரும் எண்களில் சிறியதை எடுக்க வேண்டும் என்பதும் விதி.

கைப்பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது அடிக்கடி நடப்பது. செடியை உலர்த்தி ஒட்டிய பழைய உலர்தாவரத் தாளில் வட அகலாங்கு 3 பாகை 14 கலை என்றிருக்கும். அதைக் கணினியில் 3.14 என்று தட்டிவிடுவார்கள். ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே 3.233 என்று வர வேண்டும். இந்தத் தவறால் புள்ளி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். தீபகற்பம் முழுக்க வளரும் மரத்துக்கு அது பொருட்டில்லை. மொத்த உலகமே பத்து கிலோமீட்டருக்குள் அடங்கிய பனைக்கு அந்த ஒரு தவறான புள்ளி போதும், சுற்றெல்லை இரண்டு மடங்கு நீண்டுவிடும். தாவரப் பூங்காவில் நட்டு வளர்க்கும் கன்றையும் புள்ளியாக வைக்கக் கூடாது.

இனி ‘இடம்’. தயவுசெய்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

செம்பட்டியலில் மிக அருகிய இனம் என்பதற்குச் சுற்றெல்லைப் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அல்லது வாழ்பரப்பு 10-க்குள். அருகிய இனத்துக்கு 5,000, 500. அழிவாய்ப்பு இனத்துக்கு 20,000, 2,000. பரப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் பத்துமலைப் பனை முதல் படியிலேயே விழும். ஆனால் பரப்பு மட்டும் போதாது. கடுமையாகத் துண்டுபட்டிருத்தல் அல்லது லொக்கேஷன் எண்ணிக்கை குறைவாயிருத்தல், தொடர்ந்து குறைந்துவருதல், எண்ணிக்கை அளவுமீறி ஏறி இறங்குதல் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். அந்த எண்ணிக்கை மிக அருகியதற்கு 1, அருகியதற்கு 5 வரை, அழிவாய்ப்புக்கு 10 வரை.

இங்கே லொக்கேஷன் என்பது ஊர்ப்பெயர் அல்ல, புள்ளியும் அல்ல. ஒரே இடர் ஒரே வீச்சில் எவ்வளவு தூரத்துச் செடிகளை அடித்துக்கொண்டு போகுமோ அவ்வளவும் சேர்ந்து ஒன்று. அடிவாரத்தில் வைத்த தீ தாக்குனிலிருந்து அனாக் தாக்குனுக்குத் தாவும் என்றால் இரண்டு மலையும் சேர்ந்து ஒன்றுதான். பத்துமலையோடு மொத்தம் இரண்டு. இடர் கல்லுடைப்பு என்றால் மலைக்கு ஒன்றாக மூன்று. பலகையில் ‘இடம்’ என்று எழுதினால் எண்ணும் பிள்ளை எந்நாளும் மூன்று என்றே எண்ணும், இடரை யோசிக்கவே யோசிக்காது.

மடல் 5 (கோலகங்சாரிலிருந்து)

அப்படியானால் இடர் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். ‘இடர்வட்டம்’?

மடல் 6 (கெப்போங்கிலிருந்து)

வட்டம் என்றால் வடிவத்தைச் சொல்வதாகிவிடும், தீ வட்டமாகப் பரவாது. ‘இடர்ப்புலம்’ என்று வைக்கலாம். காந்தப்புலத்தில் உள்ள அதே புலம்: ஒன்றின் தாக்கம் எட்டும் வரை. ‘கந்தான் மலை வட்டிக்கா மரத்துக்கு ஒரே இடர்ப்புலம்’ என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு ஆபத்து என்பது உடனே தெரிகிறது.

மடல் 7 (சுங்கை சிப்புட்டிலிருந்து)

இருவருக்கும் நன்றி ஐயா. பலகையில் இப்படிப் போகிறது:

‘சுற்றெல்லைப் பரப்பு: செடி காணப்பட்ட எல்லாப் புள்ளிகளையும் உள்ளடக்கி வெளியே எல்லை போட்டால் வரும் பரப்பு. வாழ்பரப்பு: அதற்குள் செடி உள்ள கட்டங்களின் பரப்பு. இடர்ப்புலம்: ஒரே இடரில் ஒன்றாக அழியக்கூடிய செடிகள் நிற்கும் பகுதி.’

சதுர கிலோமீட்டர் கைக்குப் பிடிபடாத பெற்றோருக்காக, 10 சதுர கிலோமீட்டர் என்றால் 1,000 ஹெக்டர், ஏறத்தாழ 2,470 ஏக்கர் என்றும் சேர்த்துவிட்டேன். வரைபடத்தில் புள்ளிகளையும் போட்டுவிடலாமா?

மடல் 8 (கெப்போங்கிலிருந்து)

புள்ளி வேண்டாம் ஐயா. அழகுச்செடிக்காகத் தோண்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது வழிகாட்டிவிடும். நிறம் தீட்டிய கட்டங்களை மட்டும் போடுங்கள். பலகையில் ‘கட்டங்களின் பரப்பு’ என்ற இடத்தில் ‘2 கிலோமீட்டர் கட்டங்களின்’ என்று அளவையும் சேருங்கள், கட்டத்தின் அளவு மாறினால் விடையும் மாறிவிடும்.