பள்ளி ஆசிரியர் அமெரிக்க வரலாற்றை ஆராய எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்?

கேட்பவர்: எட்டாம் வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பள்ளியொன்றில் ஒன்பது ஆண்டுகளாக அமெரிக்க வரலாறு கற்பித்து வருகிறேன், குடியுரிமையும் பெற்றுவிட்டேன். வேலையை விடாமல் முதுகலை படிக்க வேண்டும், விடுதலைப் போர்க் காலச் செய்தித்தாள்களை நேரில் பார்த்து ஆராய வேண்டும் என்பவை என் இரண்டு ஆசைகள். தேடினால் பான்கிராஃப்ட், புலிட்சர் என்று பரிசுகளின் பெயர்களே வருகின்றன. எனக்குப் பொருந்துவது எது?

மறுமொழி 1: அரசியலமைப்பு ஆர்வலர்

முதல் ஆசைக்கு ஜேம்ஸ் மேடிசன் நினைவு உதவித்தொகையைப் பாருங்கள். இதை வழங்குவது 1986-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஏற்படுத்திய அறக்கட்டளை; அது 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை அமெரிக்க வரலாறு அல்லது ஆட்சியியல் கற்பிக்கும் குடிமக்களுக்கு முதுகலைப் படிப்புக்காக 24,000 டாலர் வரை தருகிறது. பணியிலிருப்பவர்கள் பகுதிநேரமாகப் படித்து முடிக்க ஐந்தாண்டு வரை அவகாசமுண்டு. ஆனால் இது நிபந்தனையோடு வரும் பணம்: படிப்பில் அரசியலமைப்பு தொடர்பான பாடங்கள் குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும், பட்டம் பெற்றபின் ஆசிரியப் பணியில் தொடர வேண்டும், தவறினால் வாங்கியதை வட்டியோடு திருப்பித் தர நேரும். வேறு துறைக்குப் போகும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால் நிபந்தனைகளை இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மறுமொழி 2: ஆவணக்காப்பகவாசி

பரிசையும் ஆய்வு உதவித்தொகையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகம் 1948 முதல் வழங்கிவரும் பான்கிராஃப்ட் பரிசு, அச்சாகி வெளிவந்த நூலுக்கு உரியது. உங்களுக்குத் தேவை நூலை எழுதுவதற்கு முன்னால் கிடைக்கும் உதவி.

செய்தித்தாள்கள் என்றால் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரிலுள்ள அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி என்ற ஆய்வு நூலகம்தான். 1775-இல் அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் சண்டைக்குச் சில நாள் முன்பு பாஸ்டனிலிருந்து தம் அச்சு இயந்திரத்தை வூஸ்டருக்குக் கடத்திவந்த ஐசையா தாமஸ் என்ற அச்சகர் 1812-இல் நிறுவியது அது. அந்த இயந்திரம் இன்றும் அங்கேயே இருக்கிறது. ஓரிரு மாதங்கள் தங்கி ஆராயக் குறுகியகால உதவித்தொகைகள் தருகிறார்கள். கோடை விடுமுறைக்கு அந்தக் கால அளவு ஒத்துவரும்.

விண்ணப்பத்தில் பலரும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. "புரட்சிக்காலப் பத்திரிகைகளை ஆராய்வேன்" என்று எழுதினால் தேர்வுக்குழுவுக்கு ஒன்றும் விளங்காது. எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டுகள், இணையப் படிமத்தில் கிடைக்காத எதை மூலத்தாளில் தேடுகிறீர்கள் என்பதை அவர்களுடைய நூற்பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஓரக்குறிப்பா, சந்தாதாரரின் கையெழுத்தா, தாளின் தரமா என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. (எனது முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது இந்தக் குறையால்தான்.)

கேட்பவர்

மிக்க நன்றி. முனைவர் பட்டம் இல்லாதது தடையாகுமா?

மறுமொழி 2: ஆவணக்காப்பகவாசி

ஒவ்வொரு உதவித்தொகைக்கும் தகுதி வேறு. சில முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு மட்டுமே உரியவை. எனவே, ஆய்வுக்கேள்வியை ஒரு பத்தியில் எழுதி அந்த நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கலாம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.