நொய்யல் கரைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா?

தென்னந்தோப்பு:
வணக்கமுங்க. எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வீட்டில் மூன்று மாதக் குழந்தை. தாய்ப்பால் போதவில்லை என்று பகலில் ஒருவேளை பால் பவுடர் கரைத்துக் கொடுக்கிறோம். காவிரித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. டிரம்மில் பிடித்து வைத்தது தீர்ந்துவிட்டால் அம்மா கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவைத்துப் பவுடர் கலக்குகிறார். "கொதிச்ச தண்ணிக்கு என்ன கண்ணு தோஷம்" என்கிறார்.

போன வாரம் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தோம். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 2,350, சல்பேட் 430, நைட்ரேட் 96. உப்பு, திருப்பூர் சாயப்பட்டறைகள் ஆற்றில் கழிவு விட்ட காலத்திலிருந்தே இருப்பது. நைட்ரேட்டும் சாயத்திலிருந்து வந்ததுதானா? குழந்தைக்கு அடிக்கடி வயிற்றாலே போகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர்:
தம்பி, இன்றைக்கே அந்தத் தண்ணீரில் பவுடர் கலப்பதை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, மிச்சம் இருப்பதில் அதன் அளவு கூடத்தான் செய்யும். குடிநீருக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். உங்கள் கிணற்றில் அதைப்போல இரண்டு பங்குக்கும் மேல். அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். காலராவுக்கும் டைபாய்டுக்கும் பயந்து காய்ச்சிக் குடிக்கச் சொன்னது எங்களைப் போன்றவர்கள்தான், அது சரியான பேச்சும்கூட. ஆனால் இது கிருமி இல்லை.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி ரத்தத்தில் சேர்ந்தால், ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்ந்தோ சாம்பல் பூத்தோ இருக்கும். ரத்தம் எடுத்தால் சாக்லேட் நிறத்தில் வரும். குழந்தையிடம் அப்படி எதையாவது பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது இந்த ஆய்வறிக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள். நீலம் பாய்ந்த குழந்தை என்றால் முதலில் இருதயத்தையும் நுரையீரலையும்தான் சந்தேகிப்பார்கள். தண்ணீர் விவரம் தெரிந்தால் உடனே அந்தப் பக்கம் யோசிப்பார்கள், மருந்தும் இருக்கிறது.

வயிற்றுப்போக்கு பற்றிக் கேட்டீர்கள். சல்பேட் அதிகமானால் பேதி மாத்திரை போலக் குடலை இளக்கிவிடும். சாயம் துணியில் ஏற பட்டறைகளில் போடும் உப்புகளில் சோடியம் சல்பேட்டும் உண்டு. உங்கள் கிணற்று சல்பேட்டில் ஒரு பங்காவது அந்த வழியில் வந்திருக்கும். வயிற்றாலே போகும் குழந்தைக்கு நைட்ரேட் பாதிப்பு இன்னும் சுலபமாக வரும். ஆற்றுக் கழிவின் சல்பேட்டும் விளைநிலத்து உரத்தின் நைட்ரேட்டும் ஒரே குழந்தையின் வயிற்றில் சேர்கின்றன என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. வயிற்றுப்போக்கு கிருமியாலும் இருக்கலாம், அதனால் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

தாய் கிணற்றுத் தண்ணீர் குடித்தாலும் நைட்ரேட் பாலில் பெரிதாக இறங்காது. பால் போதவில்லை என்பதை மட்டும் உங்கள் ஊர் செவிலியரிடம் ஒருமுறை பேசுங்கள். பலருக்கு அடிக்கடி வாய் வைத்துக் குடிக்க விட்டாலே பால் ஊறிவிடும்.

மஞ்சக்காட்டான்:
நைட்ரேட் பெரும்பாலும் நம் காட்டு உரத்திலிருந்தும் நம் வீட்டுக் கழிவிலிருந்தும் வருவதுங்க. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதம் தழைச்சத்து (நைட்ரஜன்), ஏறக்குறைய 21 கிலோ. மஞ்சளுக்கோ மக்காச்சோளத்துக்கோ ஒரே தடவையாகத் தூவி வாய்க்கால் பாசனம் விட்டால் பயிர் தின்றது போக மீதி நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்கும்.

எங்கள் பக்கம் இன்னொரு சங்கடம். உப்புத் தண்ணீர் பாய்ச்சுகிற காட்டில் மண்மேல் உப்புப் பூத்துவிடக் கூடாதென்று தேவைக்கு மேல் பாய்ச்சுகிறோம். அந்த உபரித் தண்ணீர் உப்போடு யூரியாவையும் இழுத்துக்கொண்டு கிணற்றில் சேர்க்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இறுகியது. ஆனால் அதற்கு முன்னே நிலத்தடியில் இறங்கிய உப்பு இன்னும் நமக்குப் பாசனம் நடத்துகிறது. மேலே ஊர்களின் சாக்கடையும் ஆற்றில்தான் வருகிறது.

ஒன்று கேட்கிறேன். கட்டுத்தரையும் எருக்குழியும் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம்? கக்கூஸ் குழி?

தென்னந்தோப்பு:
கட்டுத்தரை கிணற்றை ஒட்டித்தானுங்க, முப்பது அடிகூட இருக்காது. மூத்திரம் ஓடி வந்து கிணற்று மேட்டில்தான் தேங்கும். சரி, மாற்றிவிடுகிறோம். ஆர்.ஓ. மெஷின் போட்டால் போதுமா? டிரம் தண்ணீரையே குழந்தைக்கு வைத்துக்கொள்வதும் சரியா?

ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர்:
ஆர்.ஓ. நைட்ரேட்டைக் குறைக்கும். புற ஊதா விளக்கு மட்டும் உள்ள மெஷின் குறைக்காது, பார்த்து வாங்குங்கள். வடிகட்டிய தண்ணீரை ஒருமுறை ஆய்வுக்குக் கொடுத்துப் பார்த்தபின் காய்ச்சிப் பவுடர் கலக்கலாம். வெளியேற்றும் உப்புத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். அதுவரை டிரம்மில் வைத்த காவிரித் தண்ணீரைக் குழந்தைக்கென்று தனியாக மூடி வைத்துக் காய்ச்சிக் கொடுங்கள்.

டிரம் விஷயம் இன்னும் முக்கியம். கிணறு குடிக்க உதவாமல் போனதால்தான் நம் ஊர்களில் வாசலெல்லாம் டிரம். பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசு அதில்தான் பெருகுகிறது. ஆற்றைக் கெடுத்ததன் பலன் டெங்குவாகவும் வீட்டுக்குள் வருகிறது என்று நான் நினைக்கிறேன். அந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரின் ஈரத்தில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பிடித்ததும் பொரியும். அதனால் தேங்காய் நாரால் உள்பக்கம் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு டிரம் வைத்து மாற்றி மாற்றிக் காலி செய்யுங்கள், வாயைக் கெட்டித் துணியால் இறுகக் கட்டுங்கள்.

உங்கள் அறிக்கையை ஊராட்சித் தலைவரிடமும் சுகாதார நிலையத்திலும் காட்டுங்கள். பக்கத்துத் தோட்டங்களில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அந்தக் கிணறுகளின் தண்ணீரையும் ஆய்வுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நிறமும் ருசியும் இல்லாத விஷயம், பார்த்துத் தெரிந்துகொள்ள வழி கிடையாது.