(கொரோனாப் பெருந்தொற்றுக் கால மடல்கள்)
பொருள்: 'காணொளி அயர்ச்சி' சரியா? நாளை அச்சுக்குப் போகிறது

மடல் 1
அனைவருக்கும் வணக்கம். பெருந்தொற்றால் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. நாள் முழுக்கக் காணொளி அழைப்பில் உட்கார்ந்து ஓய்ந்துபோவதை 'ஜூம் ஃபட்டீக்' என்கிறார்கள். ஒரு செயலியின் பெயரைக் கலைச்சொல்லில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. 'காணொளி அயர்ச்சி' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

மடல் 2
அயர்ச்சி வேண்டாம் அம்மா. அயர்தலுக்குச் செய்தல், கொண்டாடுதல் என்றும் பொருள் உண்டு. 'மாலை அயர்கம் விருந்து' என்கிறது குறள் 1268. வெறியாட்டு நடத்தும் வெறியயர்தல், விழாக் கொண்டாடும் விழவயர்தல் எல்லாம் அப்படித்தான். திருவாய்மொழியின் முதற் பாசுரத்தில் 'அயர்வறும் அமரர்கள்' என்னுமிடத்திலோ அயர்வு மறதி. இத்தனை சுமக்கும் சொல்லின் தலையில் இன்னொன்றா? தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் 'கையாறு' இருக்கிறதே! செயலற்றுப்போதல். 'காணொலிக் கையாறு' என்று வையுங்கள். காணொளி அல்ல, காணொலி; அதில் ஒலியும் இருக்கிறதே.

மடல் 3
ஐயா, கையாறு அருமையான சொல். ஆனால் கேட்டதும் இறந்தவரை எண்ணிப் புலம்பும் கையறுநிலைப் பாட்டுதான் நினைவுக்கு வருகிறது. வீட்டில் சாவு கண்ட பிள்ளையும் வாசிக்கப்போகும் கையேடு இது. அந்த நிழல் வேண்டாம்.

சொல்லுக்குமுன் காரணத்தைப் பார்ப்போம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு சொன்னார்: பல முகங்கள் மிக அருகில் நம்மையே உற்றுப் பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்ப்பது, ஒரே இடத்தில் அசையாமல் இருப்பது, தலையாட்டலைக்கூட மிகையாகச் செய்துகாட்டும் மனப்பாரம். என் மகள் ஒருநாள் மடிக்கணினித் திரையில் தன் முகம் தெரியும் கட்டத்தின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவைத்திருந்தாள். கேட்டால், "என் மூஞ்சியையே பார்த்து அலுத்துப்போச்சு" என்றாள். பிள்ளை வாயில் வந்த சொல் அலுப்பு. 'காணொளி அலுப்பு' என்றே வைக்கலாம்.

மடல் 4
அலுப்பு என்றால் பாடம் பிடிக்கவில்லை என்று பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள். பழி பிள்ளைமேல் விழும். தசைச்சோர்வு என்கிறோம், அப்படியே 'காணொளிச் சோர்வு' போதும்.

மடல் 5
மனச்சோர்வோடு குழம்பாதா என்ற தயக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் நேரமில்லை. தனிமடலிலும் பலர் சோர்வையே கேட்டார்கள். சரி, 'காணொளிச் சோர்வு'. அலுப்பை விளக்க வரியில் வைக்கிறேன். அப்புறம், அந்தத் துண்டுக் காகித வழியையும் சேர்த்துவிட்டேன். மகளுக்கு நன்றி.

மடல் 6
சோர்வை ஏற்கிறேன், ளகரத்தை ஏற்கவில்லை. பேச்சு கொஞ்சம் பிந்தி வந்தாலும் யார் முடித்தார், யார் தொடங்கினார் என்று காது தவிக்கிறது. அந்தத் தவிப்பும் இந்தக் களைப்பில் பாதி. காணொலி என்றே எழுதுவேன்.